லாரி ஓட்ட வருகிறவருக்கு: வண்டி நிற்கும்போது செய்ய வேண்டிய வேலைகள்

கேள்வி இதுதான்: “வயது 20. கார் லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. நாமக்கல் பக்கம் லாரி வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஹெவி லைசென்ஸ் எப்படி எடுப்பது? முதல் ஒரு வருடம் எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?”

தம்பி, ஸ்டியரிங் பிடித்து, கியர் மாற்றி, ரிவர்ஸ் எடுக்க ஆறு மாதத்தில் கை பழகிவிடும். வண்டி நிற்கும்போது எதைத் தொட்டுப் பார்ப்பது, எதைக் கேட்டு வாங்குவது, எப்போது ‘இந்த லோடை எடுக்க மாட்டேன்’ என்று சொல்வது என்பதற்குத்தான் வருடக்கணக்காகும். புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களைப் பின்னோக்கிப் பார்த்தால், முக்கால்வாசி கிளம்புவதற்கு முன்பே தொடங்கியிருக்கும். அதனால் இந்தப் பதிலில் ஓட்டுவதைவிட நிற்பதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முதலில் லைசென்ஸ். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் குறைந்தது ஒரு வருடமாகக் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. சாரதி இணையதளத்தில் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுங்கள். மருத்துவச் சான்று படிவம் 1ஏ, டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 இரண்டும் தேவை. எல்.எல்.ஆர். எடுத்த 30 நாளுக்குப் பிறகு டெஸ்டுக்குப் போகலாம், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். படிக்கவில்லை என்பதைக் காட்டி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சரக்கு வண்டி லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. முன்பு தேதி முடிந்தாலும் 30 நாள் சலுகை இருந்தது, இப்போது கிடையாது. முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம்வரை இழுத்தால், அந்த நாள் வரும்போது நீங்கள் குஜராத்தில் லோடுக்குக் காத்துக்கொண்டிருப்பீர்கள்.

படிவம் 5-ஐக் காசுக்கு வாங்கிவிட்டு, பயிற்சி எடுக்காமல் டெஸ்டுக்குப் போகிற வழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. அதைச் செய்யாதீர்கள். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி மையமும், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனமான ஐ.ஆர்.டி.யின் கனரக வாகனப் பயிற்சிப் பிரிவும் இருக்கின்றன. அங்கே படிக்கிறவருக்கு ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அந்த ஒரு வகுப்பு மட்டுமே கொடுத்த பணத்துக்குத் தகும்.

ஹெவி லைசென்ஸ் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது; 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. பிக்கப்போ சின்ன ஈச்சரோ ஓட்டி, லோடு ஏற்றுவது, எல்.ஆர். (லாரி ரசீது) வாங்குவது, இறக்குமிடத்தில் சீல் வாங்குவது எல்லாம் பழகிக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்து, முடிந்தால் நல்ல டிரைவர் ஒருவரோடு நான்கைந்து மாதம் கிளீனராகப் போங்கள். கார் ஓட்டத் தெரிந்தவன் எதற்குக் கிளீனராகப் போக வேண்டும் என்று தோன்றும். வீல் கழற்றுவது, தார்ப்பாய் போடுவது, கயிறு இழுத்துக் கட்டுவது, பிரேக் லைனர் கருகும் வாசனையை அடையாளம் காண்பது, இவை எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. இப்போது கிளீனர் இல்லாமல் தனி ஆளாகவே பல வண்டிகள் ஓடுகின்றன. நாளைக்கு நீங்களும் தனியாகத்தான் போவீர்கள், இந்த வேலை எல்லாவற்றையும் உங்கள் கைதான் செய்ய வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் ஆறு சக்கர வண்டி போதும். அங்கிருந்து பத்துச் சக்கர டாரஸ், பிறகு பன்னிரண்டு, பதினான்கு, கடைசியாக டிரெய்லர். கேஸ் டேங்கர் சம்பளத்தைப் பார்த்து உடனே அதற்கு ஓடாதீர்கள். அபாயகரமான சரக்குக்கு மூன்று நாள் தனிப்பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு போட வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், டேங்கருக்குள் திரவம் அலையடிக்கும். அரைகுறையாக நிரம்பிய டேங்கர் வளைவில் திரும்பும்போது உள்ளிருப்பது ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் இழுக்கும். முழு லோடைவிட அரை லோடு ஆபத்தானது என்பதை டேங்கருக்குள் புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள்.

இனி வண்டிக்கு வருவோம். காலையில் சாவி போடுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். என்ஜின் ஆயிலை வண்டி சமதரையில் நிற்கும்போது, என்ஜின் அணைத்து ஐந்து நிமிடமாவது ஆன பிறகு பார்க்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரை என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறந்து பாருங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து, தரையில் புதிதாக ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விளக்கெல்லாம் எரிகிறதா, பின்பக்க ரிஃப்ளெக்டர் பட்டையைச் சேறு மறைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் எஸ்.சி.ஆர். (புகையின் நச்சைக் குறைக்கும் அமைப்பு) இருந்தால், நீல மூடி போட்ட தனி டேங்க் ஒன்று இருக்கும். எல்லோரும் யூரியா என்றோ ஆட்புளூ என்றோ சொல்கிற டி.இ.எஃப். திரவம் அதற்குள் போகிறது, 32.5 சதவீத யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். தோராயமாக 100 லிட்டர் டீசலுக்கு 5 லிட்டர் செலவாகும். அது தீர்ந்தால் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது, வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுவது எல்லாம் இன்ஜெக்டரையும் கேட்டலிஸ்டையும் கெடுத்துவிடும். தூக்கக் கலக்கத்தில் அந்த டேங்குக்குள் டீசல் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். திருப்பினால் டீசல் பம்புக்கும் குழாய்க்கும் ஏறி, டேங்கைக் கழுவுவதோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அணைப்பதற்கு முன்பும் அப்படியே. என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ, என்ஜினைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றுகிறது, அதன் தண்டுக்கு எண்ணெய் கொடுப்பது என்ஜின்தான். மேட்டில் இழுத்துக்கொண்டு வந்து சட்டென்று அணைத்தால் டர்போ எண்ணெய் இல்லாமல் சுற்றித் தேயும்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். லாரி டயருக்குப் பொதுவாக 110 முதல் 120 பி.எஸ்.ஐ. வரை வரும், உங்கள் டயருக்கும் லோடுக்கும் எவ்வளவு என்று கம்பெனி அட்டவணையில் இருக்கும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடாதீர்கள். டயர் வெடிப்பது காற்று அதிகமானதால் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். காற்று குறைந்த டயர்தான் பெரும்பாலும் வெடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டுச் சுவர் மடிந்து நிமிர்ந்து, அந்த மடிப்பிலேயே சூடேறி, உள்ளிருக்கும் நூலும் கம்பியும் விட்டுப்போகும். பின்பக்க ஜோடி டயரில் உள் டயர் காற்று இறங்கியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. வெளி டயர் இரண்டு பேர் சுமையைத் தூக்கும், உள் டயர் உரசிச் சூடாகும். இரண்டும் சேர்ந்து போகும், சில நேரம் தீயும் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வீல் ஸ்பேனரால் ஒவ்வொரு டயரையும் தட்டுங்கள். நல்ல டயர் ‘டங்’ என்று துள்ளும், இறங்கிய டயர் ‘தொப்’ என்று மொத்தையாகக் கேட்கும். இரண்டு டயருக்கு நடுவில் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். ரீட்ரெட் டயர் (மேல் ரப்பர் புதிதாக ஒட்டியது) பின்னால் போடலாம். முன் வீலுக்கு வேண்டாம், அங்கே வெடித்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. வீல் மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி நட்டை மறுபடி இறுக்க வேண்டும். பெயின்ட்டும் துருவும் நசுங்கி இடம் கொடுப்பதால் முதல் இறுக்கம் தளர்ந்துவிடும்.

டீக்கடையில் நிறுத்தும்போது டீ சொல்லிவிட்டு, புறங்கையை ஒவ்வொரு ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அனல் தெரியும். எல்லாம் ஒரே மாதிரி சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங்கில் கிரீஸ் இல்லை. அப்படியே ஓட்டினால் வீல் கழன்று ஓடும்வரைகூடப் போகும்.

அடுத்தது ஏர். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை டிரெயின் வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள். காற்றின் ஈரத்தை நீக்கும் டிரையர் இருக்கிற வண்டியிலும் அவ்வப்போது திறந்து பாருங்கள். தண்ணீரோடு எண்ணெய் வந்தால் கம்ப்ரசர் பார்க்க வேண்டிய நேரம். ஏர் நிரம்பியதும் என்ஜினை அணைத்து, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஏர் மீட்டர் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ‘உஸ்’ என்று கசிகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் கிளம்பக் கூடாது. ஏர் இறங்கினால் பின் வீல்களில் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். நிற்கும் வண்டிக்கு அது பாதுகாப்பு. மலை வளைவில் ஓடும்போது அப்படிப் பிடித்தால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

இதை எல்லாம் ஒரே இடத்தில் சோதிக்கும் ரோடு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரு பக்கமிருந்து சேலம் வரும் என்.எச். 44-ல், தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய். இரட்டைப் பாலம் வரை தொடர் இறக்கம். அங்கே அடுத்தடுத்து நடக்கும் விபத்துகளுக்கு போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது. டீசல் மிச்சமாகிறது என்பதே தவறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், உருளும் வண்டிதான் என்ஜினைச் சுற்றுகிறது. டீசல் தெளிப்பது நின்றுவிடும். நியூட்ரலில் என்ஜின் அணையாமல் இருப்பதற்காக டீசல் போய்க்கொண்டே இருக்கும். என்ஜின் பிடிப்பும் போச்சு, புகைப்பாதையை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் போச்சு. மொத்த எடையும் பிரேக் டிரம்மின் மேல் விழுகிறது. டிரம் சூடாகி விரிவடையும், லைனர் கருகிப் பிடிப்பை இழக்கும். மிதி கீழே போகும், வண்டி நிற்காது. ஓடுகிற வேகத்தில் கியர் போடப் பார்த்தால் அப்போது விழவும் செய்யாது.

செய்ய வேண்டியது இது. இறக்கம் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தி ஏர் முள், ஹப் சூடு பாருங்கள். அந்த மேட்டை லோடோடு எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில், இல்லையென்றால் அதற்கும் ஒன்று கீழே இறங்குங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கை விட்டுவைக்காதீர்கள். ஃபுட் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், வேகம் ஏறியதும் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து இறக்கிவிட்டு, முழுதாக விடுங்கள். டிரம்முக்குக் காற்றுப்பட நேரம் கிடைக்கும். சும்மா சும்மா தட்டினால் ஏர்தான் தீரும். கருகல் வாசனை வந்தால் ஓரத்தில் இடம் கிடைத்தவுடன் நிறுத்தி, கட்டை வைத்து, தானாக ஆறும்வரை இருங்கள். தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும்.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இரவில் சரக்கு வண்டிக்குத் தடை உண்டு, எடைக்கும் சக்கர எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை விடமாட்டார்கள். லோடு எடுக்கும்போதே இந்த நேரங்களைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

டவுனுக்குள் ஆளை அடிப்பது பெரும்பாலும் இடப்பக்கத் திருப்பம். முன் வீல் போகிற தடத்தில் பின் வீல் வராது, உள்வாங்கி வரும். வண்டி நீளம் கூடக்கூட அது அதிகமாகும். இடப்பக்கக் கதவுக்குக் கீழேயும் முன் பம்பருக்கு அடியிலும் நிற்கும் பைக்காரர் உங்கள் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். சிக்னலில் நின்றுவிட்டு இடப்பக்கம் திரும்புவதாக இருந்தால் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியை இரண்டு முறை பார்த்து, மெதுவாக நகர்த்துங்கள். பின்னால் எடுக்கும்போது கிளீனர் இல்லையென்றால் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

லோடு ஏற்றுகிற இடத்தில்தான் புது டிரைவரை அதிகம் ஏமாற்றுவார்கள். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை, காலி எடை இரண்டும் போட்டிருக்கும். கழித்தால் வருவதுதான் உங்கள் லோடு. 2018-ல் ஆக்சில் எடையை உயர்த்திய பிறகு ஆறு சக்கரத்துக்கு 18.5 டன் வரை மொத்த எடை அனுமதி. பத்துச் சக்கர வண்டி ஒன்றுக்குப் புத்தகத்தில் 28 டன், காலி எடை 9.5 டன் என்று இருந்தால், ஏற்றலாம் 18.5 டன். காலியாக ஒருமுறை, லோடோடு ஒருமுறை எடை மேடையில் ஏற்றிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று டன் கூடினால் 26,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். அபராதம் யார் கட்டுவது என்பதை ஏற்றுவதற்கு முன் ஓனரிடம் கேளுங்கள். ‘வழியில் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் அந்த லோடை விட்டுவிடுங்கள்.

எடை சரியாக இருந்தாலும் வைத்த இடம் தவறினால் வண்டி கெடும். கனமான சரக்கு பின் ஆக்சிலுக்குப் பின்னால் குவிந்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். இரும்புத் தகட்டுச் சுருள் (காயில்) என்றால் கயிறு போதாது. செயினும் கட்டையும் வேண்டும், சடன் பிரேக்கில் அது கேபினுக்குத்தான் வரும். தார்ப்பாய் இரண்டு போடுவதாக இருந்தால் பின் பாயை முதலில் விரித்து, முன் பாய் அதன்மேல் ஏறியிருக்கும்படி போடுங்கள். மாற்றிப் போட்டால் ஓட்டக் காற்றும் மழையும் இடைவெளியில் புகுந்து பாயைக் கிழித்துச் சரக்கை நனைக்கும். பத்திருபது கிலோமீட்டர் ஓடியதும் கயிறு தளரும், நிறுத்தி மறுபடி இழுங்கள்.

காகிதத்தில் ஆர்.சி., எஃப்.சி. (தகுதிச் சான்று), பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது ஆறும் தேதி முடியாமல் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். சரக்குக்கு இன்வாய்ஸ், எல்.ஆர்., இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் மின்சீட்டு). மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் கட்டாயம், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதன் ஆயுள். சென்னையிலிருந்து மும்பை சுமார் 1,330 கிலோமீட்டர் என்றால் ஏழு நாள். முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும், அதற்குள் ஆபீஸுக்குப் போன் போடுங்கள். பிரேக்டவுன் ஆகி வேறு வண்டிக்கு லோடு மாற்றினால் இ-வே பில்லின் பி பகுதியில் வண்டி எண்ணை மாற்றச் சொல்லாமல் நகரக் கூடாது. பிடித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், அதுவரை வண்டி அங்கேயே. லைசென்ஸையோ ஆர்.சி.யையோ அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

தூக்கத்தை ஏமாற்ற வழியே இல்லை. அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் கண் திறந்திருக்கும், மூளை தூங்கியிருக்கும். புகையிலையும் டீயும் வாய்க்கு வேலை கொடுக்கும், அவ்வளவுதான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரைமணி ஓய்வு என்று சொன்னது. நடைமுறை அதற்கு வெகுதூரம். ஆனாலும் ஒரே டிரைவரை வைத்து இரண்டு டிரைவருக்கான நேரத்தைக் கேட்கும் லோடை மறுக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை நொடி தாமதமாகக் கால் பிரேக்குக்குப் போனால் வண்டி 25 மீட்டர் ஓடியிருக்கும், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே. தூங்குவதற்கு பெட்ரோல் பங்க் அல்லது வெளிச்சமுள்ள லாரி பார்க்கிங்கில் நிறுத்துங்கள். ஹைவே ஓரத்தில் இருட்டில் நிற்கும் லாரியின் பின்னால் கார்கள் வந்து சொருகுகின்றன. பிரேக்டவுன் ஆகி நின்றே ஆக வேண்டியிருந்தால், நான்கு இண்டிகேட்டரும் போட்டு, முக்கோணப் பலகையை 50 மீட்டருக்கும் தள்ளிப் பின்னால் வையுங்கள். கல்லை வைத்துவிட்டு எடுக்காமல் போவது அடுத்தவருக்குக் குழி வெட்டுவது.

பணத்தில் மாதச் சம்பளமா, ட்ரிப்புக்கு இவ்வளவா, பேட்டா தனியா, ஹால்டிங் (லோடுக்குக் காத்திருக்கும்) நாளுக்கு என்ன என்று முதல் நாளே பேசுங்கள். ஒரு சின்ன நோட்டில் கிளம்பிய கிலோமீட்டர், டீசல் லிட்டர், டோல், ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, வாங்கிய அட்வான்ஸ் அன்றன்றைக்கு எழுதுங்கள். 1,800 கிலோமீட்டர் ஓடி 450 லிட்டர் என்றால் லிட்டருக்கு நான்கு. அடுத்த ட்ரிப்பில் மூன்றரைக்கு வந்தால் ஏர் ஃபில்டரோ, டயர் காற்றோ, டீசல் திருட்டோ என்று தேட அந்த நோட்டுதான் உதவும். இறக்கும் இடத்தில் பெட்டி எண்ணி, எல்.ஆரில் சீலும் கையெழுத்தும் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். குறைவு, நனைவு என்று எழுதினால் எத்தனை என்று எண்ணால் எழுதச் சொல்லுங்கள். ‘சரக்கு குறைவு’ என்று மொட்டையாக எழுதிய சீட்டை வைத்து உங்கள் வாடகையில் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிப்பார்கள்.

சாவி வாங்கும் முன் இன்சூரன்ஸ் பாலிசியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கும் கிளீனருக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஓனர் டிரைவர்’ விபத்துக் காப்பு உங்களுக்கு வராது. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது, லைசென்ஸ் வந்த மாதமே பதிவு செய்யுங்கள். விபத்து நடந்துவிட்டால் 108-ஐ அழைத்து அடிபட்டவரை ஏற்றிவிட வேண்டியது சட்டப்படி உங்கள் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கே நிற்க வேண்டாம், நேராகப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். பிறகு ஓனருக்கு, அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. இந்த எண்களையெல்லாம் போனில் மட்டும் வைக்காமல், பேனாவால் எழுதி சன்வைசருக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.